அன்சிபிள் வழியாக போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷன்: வரிசை முக்கியம்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குக் கூடுதல் வசதி தரும் எக்ஸ்டென்ஷனைப் போட, ஒவ்வொரு சர்வராக நுழைந்து 'கிரியேட் எக்ஸ்டென்ஷன்' அடித்துக்கொண்டிருந்தால், எங்காவது ஒன்று விடுபடும். பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவியான அன்சிபிளில் இதற்கென்றே 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்_எக்ஸ்ட்' என்ற மாட்யூல் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பெயரும் டேட்டாபேஸ் பெயரும் கொடுத்தால் போதும். ஏற்கெனவே இருந்தால் தொடாது, இல்லையென்றால் போட்டுவிடும்.

ஆனால் அது பேக்கேஜை நிறுவாது. வரைபட, இடத் தரவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ் எக்ஸ்டென்ஷன் வேண்டுமென்றால் முதலில் ஆப்ட் (பேக்கேஜ் நிறுவும்) டாஸ்கில் அதன் பேக்கேஜ், அப்புறம்தான் இந்த மாட்யூல். பைத்தானை போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் சைகோபிஜி லைப்ரரியும் அந்த சர்வரிலேயே இருக்க வேண்டும்.

என்னை ஒரு மாலை முழுக்க உட்கார வைத்தது, குவெரிகளின் புள்ளிவிவரம் சேர்க்கும் 'பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்' எக்ஸ்டென்ஷன். பிளேபுக் (அன்சிபிளின் டாஸ்க் பட்டியல்) ஓடி முடிந்தது, எல்லாம் சரி என்றது. மறுநாள் அந்த எக்ஸ்டென்ஷன் தரும் வியூவில் செலக்ட் போட்டால், 'ஷேர்டு_பிரீலோட்_லைப்ரரீஸ் வழியாக ஏற்றியிருக்க வேண்டும்' என்று எர்ரர். கான்ஃபிக்கில் அந்த வரியைச் சேர்த்து, போஸ்ட்கிரெஸை ரீஸ்டார்ட் செய்தால்தான் வேலை செய்யும், ரீலோட் போதாது. ஆகவே கான்ஃபிக் டாஸ்க், ரீஸ்டார்ட், பிறகு எக்ஸ்டென்ஷன் என்று எழுதுங்கள். ரீஸ்டார்ட்டை ஹேண்ட்லரில் (மாற்றம் நடந்தால் மட்டும் ஓடும் டாஸ்க்) வைத்தால் அது பிளேயின் கடைசியில்தான் ஓடும். இடையிலேயே ஓட 'ஃப்ளஷ்_ஹேண்ட்லர்ஸ்' சேருங்கள்.

எக்ஸ்டென்ஷன் டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் தனி. ஐந்து இருந்தால் லூப் போடுங்கள். பேக்கேஜை அப்டேட் செய்தாலும் டேட்டாபேஸுக்குள்ளே எக்ஸ்டென்ஷனின் பழைய வெர்ஷனே நிற்கும். அதற்கு 'வெர்ஷன்: லேட்டஸ்ட்' தர வேண்டும்.

'கேஸ்கேட்' விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம். நீக்கும்போது அதை ஆன் செய்தால், அந்த எக்ஸ்டென்ஷனின் டேட்டா டைப்பில் இருக்கும் டேபிள் காலம்களும் (நெடுவரிசைகள்) சேர்ந்தே போய்விடும்.