வாகன மறுபெயின்ட்: பூச்சைத் தெரிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் புதிதாக ஸ்பிரே கன் பிடிக்கும் தம்பிமார், அந்நாளில் நாங்கள் விட்ட அதே பிழைகளை விடுவதைப் பார்க்கையில் மனம் பொறுக்கவில்லை. தூசு துடைக்காமல் அடிப்பது போன்றவை முதல் வாரத்திலேயே திருந்திவிடும் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பழைய பூச்சைச் சோதிக்காமல் 2கே அடிப்பது

இன்றும் எனக்குக் கோபமூட்டுவது இதுதான். என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயின்ட், அதில் கலந்த தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. எத்தனை வருடம் சென்றாலும் தின்னர் பட்டால் இளகும். 2கே எனும் இரு கூறுப் பெயின்டோ, அதனுடன் கலக்கும் ஹார்ட்னருடன் (இறுக்கி) வினைபுரிந்து இறுகுவதால், வெயிலையும் பெற்றோலையும் நன்றாகத் தாங்கும்; ஆகவே வாடிக்கையாளர் அதைக் கேட்பதில் பிழையில்லை. ஆனால் அடியில் என்.சி. கிடந்தால், மேலே அடிக்கும் பூச்சின் தின்னர் அதற்குள் இறங்கி அதை ஊதச் செய்ய, மேற்பூச்சு ஆறிய பாலின் ஆடைபோலச் சுருங்கி எழும்பிவிடும்.

நிலாவெளிப் பக்கம் ஹயர் ஓடும் வான் ஒன்றுக்கு உரிமையாளர் வெள்ளி மெட்டாலிக் கேட்டிருந்தார். பழைய பூச்சின் பளபளப்பை நம்பிய தம்பி, தேய்த்துவிட்டு நேரே அடித்துவிட்டார். பொனட்டும் கூரையும் அழகாகவே வந்தன. இடப்பக்கக் கதவில் மட்டும், முன்பு எவரோ டிங்கர் (நெளிவெடுப்பு) பார்த்து என்.சி.யால் மூடியிருந்த உள்ளங்கையளவு இடத்தைச் சுற்றி, வளையமாகச் சுருக்கம் கிளம்பியது. கதவைத் தகரம் தெரியும்வரை உரித்து, பள்ளம் நிரப்பும் பட்டியிலிருந்து நிறமற்ற மேற்பூச்சான கிளியர் வரை மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. மெட்டாலிக் நிறம் கன்னின் காற்றழுத்தத்துக்கும் தூரத்துக்கும் ஏற்ப வேறுபடும் என்பதால், வேறுபாடு தெரியாதபடி பக்கத்துத் தகட்டிலும் நிறத்தைப் படிப்படியாகக் கலந்து இறக்க நேர்ந்தது. செலவைக் கராஜ் ஏற்றது. ஹயர் போன நாட்களை வான்காரருக்கு எவராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

வெள்ளைத் துணியைத் தின்னரில் நனைத்து, மறைவான ஓரிடத்திலும் டிங்கர் பட்டதாகச் சந்தேகப்படும் ஒவ்வோரிடத்திலும் அரை நிமிடம் தேய்த்தால் போதும். பெயின்ட் இளகித் துணியில் ஏறினால், அந்த இடத்தை உரித்த பின்னரே 2கே பற்றிப் பேச வேண்டும்.

வாடைக்காலத்தில் வேகத் தின்னர்

ஈரக்காற்றில், வேகமாகக் காயும் தின்னர் கலந்த என்.சி. பூச்சின்மேல் வெண்படலம் பூக்கும். மெதுவாகக் காயும் தின்னரை எடுங்கள், அல்லது மழை விடும்வரை பொறுங்கள்.

கடலோரத்தில் நிற்கும் வாகனத்துக்கு மேட் (பளபளப்பில்லாத) பூச்சு

உப்புத் தூறலும் காக்கை எச்சமும் விட்ட கறையைக் கட்டிங் பொலிஷ் பிடித்து எடுக்க முடியாது. பிடித்த இடம் மினுங்கும். பிறகு அந்தத் தகடு முழுவதையும் மீண்டும் அடிக்க வேண்டும்.

லொறிக்கும் முச்சக்கரவண்டிக்கும் பேர்ள் (முத்துப்போல மினுங்கும்) பூச்சு

வேண்டாம். 2கே சொலிட் (மினுக்கம் கலக்காத) நிறமே போதும்.

முகத்தில் துணி கட்டி 2கே அடிப்பது

ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாத கராஜ், 2கே வேலையை ஏற்கவே கூடாது.