பொந்துக்குள் ஓர் அலகு: இருவாச்சிச் சிற்பம் செய்யும் முறை

பொள்ளாச்சி, ஆனைமலை, வால்பாறை வட்டாரத்துக் கண்காட்சிகளில் 'இயற்கையைக் காப்போம்' என்றாலே ஒரு பூமி உருண்டையும் அதைத் தாங்கும் இரண்டு கைகளும் வந்து நிற்கின்றன. யாரும் அதன் முன் நிற்பதில்லை. நம் மலையில் வாழும் ஓர் உயிரையும், அது உயிர்வாழ வேண்டிய ஒரே ஒரு பொருளையும் எடுத்துக்கொண்டால் போதும். இந்தச் சிற்பத்தில் அந்த உயிர் மலை இருவாச்சி என்னும் பெரிய அலகுள்ள பறவை, அந்தப் பொருள் பொந்துள்ள பெருமரம்.

இருவாச்சியால் மரத்தைக் குடைந்து பொந்து உண்டாக்க முடியாது. முதிர்ந்த மரத்தில் தானாக உண்டான பொந்துதான் அதற்கு வீடு. பெட்டை உள்ளே போனதும் தன் எச்சத்தாலும் பழச் சக்கையாலும் வாயிலைப் பூசி அடைத்துவிட்டு, அலகு நுழையும் அளவு ஒரு கீறல் மட்டும் விடும். மூன்று நான்கு மாதம் ஆண் பறவை அத்தி, ஆல், இச்சிப் பழங்களைக் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியே ஊட்டும். ஆகவே சிற்பத்தின் உயிர் அந்தக் கீறலில்தான் இருக்கிறது. பறவை எவ்வளவு அழகாக வந்தாலும் கீறல் சரியாக வராவிட்டால் அது வெறும் பறவை பொம்மை.

அளவு: உண்மைப் பறவை அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறத்தாழ 4 அடி வரும். பாதி அளவில், 2 அடிக்குச் செய்கிறோம். மரத்தண்டு 4 அடி உயரம், 1 அடி விட்டம். வேலைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் வேண்டும். அதில் பாதி காயவைக்கும் நேரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே சாரல் அடிக்கும்போது காகித வேலையைத் தொடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கி நாலாம் நாளே பூஞ்சை பிடிக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். காட்டில் இருவாச்சி பொந்தடைக்கும் காலமும் அதுதான்.

வாங்க வேண்டியவை: 18 மி.மீ. பிளைவுட் 2க்கு 2 அடி, 4 அடிச் சவுக்குக் கம்பு (2 அங்குலத் தடிமன்), 1 அடி நீள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) 6 துண்டு, 8 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி 1 கிலோ, கட்டுக்கம்பி கால் கிலோ, 4 அடி அகலக் கோழிவலை 5 அடி, ஃபெவிகால் 1 கிலோ, ஃபெவிபாண்ட் (ரப்பர் ஒட்டும் பசை) ஒரு டின், எம்-சீல் 2 பாக்கெட். சேகரிக்க வேண்டியவை: பழைய நாளிதழ், பஞ்சரான சைக்கிள் டியூப் 3, வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு 1, சிப்ஸ் பாக்கெட்டுகள், காய்ந்த தென்னம்பாளை 4, கொட்டாங்குச்சி, பன்னாடை, தேங்காய் நார், உண்ணிச்செடிக் குச்சிகள்.

காட்டிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம், உதிர்ந்த இறகையும்கூட. மலை இருவாச்சி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் இறகை வைத்திருப்பதும் குற்றம். உண்ணிச்செடி தோட்ட வேலியிலும் சாலையோரத்திலும் வேண்டிய மட்டும் கிடைக்கும். அழகுக்காகக் கொண்டுவரப்பட்டுக் காட்டையே மூடிக்கொண்ட செடி அது. கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் அதன் குச்சியால் ஆளுயர யானைகள் செய்து, அவை 2021இல் லண்டன் பூங்காக்கள் வரை போய் நின்றன. வெட்டும்போது கையுறை போடுங்கள், முள் உண்டு. இலையை மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், அதற்கு நஞ்சு. விரல் தடிமனுள்ள குச்சிகளை இரண்டு மணி நேரம் வேகவைத்தால் தோல் உரியும். சூடு ஆறுமுன் வளைத்தால் வளையும். ஆறிய பின் வளைத்தால் படக்கென்று முறியும்.

முதலில் தண்டு. சவுக்குக் கம்பைப் பலகையின் நடுவில் நிறுத்தி, அடியிலிருந்து 3 அங்குலத் திருகு இரண்டு, பக்கங்களில் எல் ஆங்கிள் நான்கு போட்டு இறுக்குங்கள். மூன்று உயரங்களில் ரீப்பர்களை இரண்டிரண்டாகக் கூட்டல் குறி போல் ஆணியடித்து, அவற்றின் நுனிகளில் 8 கேஜ் கம்பி வளையத்தைக் கட்டவும். வலையைச் சுற்றுமுன் ஒரு வேலை இருக்கிறது. பலரும் இதை மறந்துவிட்டுப் பிறகு வலையைப் பிரிப்பார்கள். தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரத்தில் கம்பில் 2 அங்குலக் கட்டை ஒன்றைத் திருகி, அதில் பெட்டையின் 5 அங்குல அலகைப் பொருத்திவிட வேண்டும். அப்போதுதான் பூச்சு முடிந்த பின்னும் ஒன்றரை அங்குலம் வெளியே நீட்டியபடி இருக்கும்.

அலகுக்குத் தென்னம்பாளையை விடப் பொருத்தமான பொருள் இல்லை. பாளையின் கூர்நுனி இயல்பாகவே இருவாச்சி அலகின் வளைவோடு இருக்கும். ஒரு இரவு நீரில் ஊறவைத்து, 6 அங்குல நுனியாக இரண்டு வெட்டி, மேலலகு கீழலகாகச் சேர்த்துக் கயிறு சுற்றி நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் வாய் பிளந்துகொள்ளும். காய்ந்த பின் அடிப்பக்கத்தைச் செதுக்கி 5 அங்குலமாக்கி, உட்குழிவை எம்-சீலால் நிரப்புங்கள். ஆணுக்கும் பெட்டைக்கும் ஒவ்வொரு ஜோடி. ஆணின் தலைமேல் இருக்கும் கொண்டைக்குக் கொட்டாங்குச்சித் துண்டு. அதன் மேற்புறம் தட்டையாகச் சற்றுக் குழிந்து இருக்க வேண்டும். உருண்டையாக விட்டால் கோழிக் கொண்டை ஆகிவிடும். நிறத்துக்கு மஞ்சள்தூள் கரைசல் வேண்டாம், வெளிச்சத்தில் ஒரே மாதத்தில் வெளுக்கும். அக்ரிலிக் மஞ்சள் பூசி, நுனிக்குப் போகப்போக ஆரஞ்சாக்குங்கள். உண்மைப் பறவையும் தன் மஞ்சளைப் பூசிக்கொள்வதுதான்: வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்துக் கழுத்திலும் சிறகிலும் தடவிக்கொள்ளும். அதனால் சிற்பத்தின் வெள்ளைக் கழுத்திலும் அந்த மஞ்சளைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

இனி வலையைச் சுற்றி, அலகுக்கு நேரே 8 அங்குல உயரம், 4 அங்குல அகலத்தில் திறப்பு வெட்டுங்கள். காகித ஒட்டில் ஒரு நுட்பம் உண்டு. மைதாப் பசையில் (200 கிராம் மாவு, 1 லிட்டர் தண்ணீர், கண்ணாடி போல் ஆகும்வரை காய்ச்சியது) பூச்சி வராமலிருக்க ஒரு தேக்கரண்டி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது வழக்கம். அந்தத் துத்தம் ஜி.ஐ. கம்பியின் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும்; பிறகு துரு காகிதத்தின் வழியே செம்பழுப்பாகக் கசியும். ஆகவே வலைமேல் முதல் இரண்டு அடுக்கு, பாதி ஃபெவிகால் பாதி தண்ணீர். மூன்றாவது, நான்காவது அடுக்குக்குத்தான் துத்தப் பசை. ஒவ்வொன்றும் ஒரு நாள் காயட்டும். துத்தம் நஞ்சு: அலுமினியப் பாத்திரம் கூடாது, சமையல் கரண்டி கூடாது, பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. மேலே பன்னாடையைப் பட்டையாக ஒட்டி, உண்ணிக் குச்சிகளை வேர்களாகவும் கொடிகளாகவும் தண்டைச் சுற்றி இறக்குங்கள்.

பொந்துப் பூச்சு: சலித்த செம்மண் 1 கிலோ, அரை அங்குலமாக நறுக்கிய தேங்காய் நார் இரண்டு கைப்பிடி, ஃபெவிகால் 100 கிராம், சப்பாத்தி மாவுப் பதத்துக்குத் தண்ணீர். நார் குறைந்தால் காயும்போது பாளம் பாளமாக வெடிக்கும். திறப்பின் பின்னால் ஒரு வலைத் துண்டு கட்டி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி அரை அங்குலக் கனத்தில் விரலால் அப்புங்கள். நடுவில் 4 அங்குல உயரம், 1 அங்குல அகலத்தில் நெட்டுவாக்கில் கீறல் நிற்க வேண்டும். கரண்டியால் மழுப்ப வேண்டாம். பறவை அலகின் பக்கவாட்டால் தட்டித் தட்டி அடைத்த தடம் அதில் தெரியட்டும். அங்கங்கே நாலைந்து விதைகளை அழுத்திவிடுங்கள்.

ஆண் பறவைக்கு 8 கேஜ் கம்பியில் தலைமுதல் வால்வரை முதுகெலும்பு. மிஞ்சிய வலையில் 9 அங்குல முட்டை வடிவ உடல் கட்டி, உள்ளே சிப்ஸ் பாக்கெட்டுகளைத் திணியுங்கள். ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதற்குப் பஞ்சமில்லை. சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்துத் திணிக்காவிட்டால் எறும்பு குடியேறும். உடல்மேல் இரண்டு அடுக்குக் காகிதம்.

கருப்பு இறகுகள் சைக்கிள் டியூப். உள்ளே இருக்கும் பவுடரைக் கழுவி, ஒட்டும் பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பசையும் உரிந்து வரும். ஃபெவிபாண்டை இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே அழுத்துங்கள். ஓடு வேய்வது போல வாலிலிருந்து தலைநோக்கி ஏற வேண்டும். கழுத்துக்கும் சிறகுப் பட்டைக்கும் வாலுக்கும் வெள்ளைச் சாக்கு. வெட்டிய ஓரத்தை ஊதுபத்தி நெருப்பால் ஒற்றினால் நூல் பிரியாது. வால் இறகு 10, ஒவ்வொன்றும் 9 அங்குலம், குறுக்கே ஒன்றரை அங்குலக் கருப்புப் பட்டை. ஆணின் கண் சிவப்பு. பெட்டைக்கு வெண்கண், அது உள்ளே மறைந்திருக்கும். குன்றிமணி கண்ணுக்கு அச்சாகப் பொருந்தும்தான், ஆனால் அதன் பருப்பு உயிரைப் பறிக்கும் நஞ்சு. சிவப்புச் சட்டைப் பொத்தான் போதும்.

பறவையை ஒரே ஆணியில் தொங்கவிட்டால் பாரத்தில் சுழன்று தலைகுப்புறப் பார்க்கும். 6 மி.மீ. போல்ட்டு இரண்டை 3 அங்குல இடைவெளியில் சவுக்குக் கம்பு வரை செலுத்துங்கள். கழற்றி எடுத்துப்போகவும் வசதி. தண்டு முன்பக்கம் சாயாமலிருக்கப் பலகையின் பின்விளிம்பில் இரண்டு செங்கல் வைத்துத் தென்னை நார்க் கழிவால் மூடுங்கள். ஆணின் அலகில் காகிதக் கூழில் செய்த 1 செ.மீ. அத்திப்பழம் ஒன்று. அதற்கும் பெட்டையின் அலகுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். தொட்டுவிட்டால் காட்சி முடிந்துபோகும். தொடாதபோதுதான் பார்ப்பவர் அந்தப் பழம் போய்ச் சேருமா என்று நிற்பார்.

வார்னிஷ் வேண்டாம், டியூப்மேல் அது செதில் செதிலாக உரியும். தண்டுக்கு மட்டும் நீர்த்த ஃபெவிகால் ஒரு பூச்சு. வெயிலில் நிறுத்தினால் சில மாதங்களில் சாக்கு பொடிந்து மண்ணில் பிளாஸ்டிக் தூளாக விழும், அதனால் கூரைக்குக் கீழேயே வையுங்கள்.

கடைசியாகத் தண்டின் பின்புறம். அங்கே பட்டையை ஓர் உள்ளங்கை அகலம் செதுக்கி, வெட்டுவதற்குக் குறித்த சாலையோர மரங்களில் எழுதுவார்களே, அதுபோல் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண் எழுதுங்கள். வாசகப் பலகை வேண்டாம். சுவரோடு ஒட்டி வைக்காமல், சுற்றி நடக்க மூன்றடி இடம் விட்டு நிறுத்துங்கள்.