குளிர் முகப்புக்குப் பின்னால் எழும் கடல் மேகங்களைப் படிப்பது எப்படி?

சென்னைக்குக் குளிர் முகப்பு வருவதில்லை. மார்கழியில் திருவான்மியூர்க் கடற்கரையில் காதை அடைக்கும் வாடைக்காற்று வேறு. சூடான காற்றின் அடியில் புகுந்து, அதை மேலே நெம்பித் தள்ளியபடி முன்னேறும் குளிர்காற்றின் விளிம்புதான் குளிர் முகப்பு. அது கடந்து போன பிறகு கடலின் மேல் தோன்றும் தாழ்மேகங்களைப் போல அழகான வானிலைப் பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. வீட்டிலிருந்தே அதைப் படிக்கலாம்.

படி 1: படத்தை எடுங்கள்

செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் நாசாவின் வேர்ல்டுவியூ தளத்தில் ஒரு ஜனவரி நாளைத் தேர்ந்தெடுத்து, ஜப்பான் கடலுக்குப் போங்கள். கைபேசி வேண்டாம். மேக வரிசைகளுக்கு இடையே சில கிலோமீட்டர்தான் இடைவெளி இருக்கும். சிறிய திரையில் எல்லாம் ஒரே வெள்ளைப் பூச்சாகிவிடும். மோடிஸ், வீயர்ஸ் இரண்டும் செயற்கைக்கோள்களில் உள்ள படக்கருவிகள்; மோடிஸ் படத்தைவிட வீயர்ஸ் படத்தையே நான் பரிந்துரைப்பேன். நம் வங்கக் கடல் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் மோடிஸ் படத்தில் பட்டை பட்டையாக விடுபடல்கள் இருக்கும். வீயர்ஸில் அந்தத் தொல்லை இல்லை.

படி 2: கரையிலிருந்து காற்றோடு நடங்கள்

ஆசியக் கரையை ஒட்டி மேகமே இல்லாத ஒரு நீலப்பட்டை தெரியும். நிலத்திலிருந்து வந்த காற்று உலர்ந்தது; கடலிலிருந்து ஈரத்தையும் வெப்பத்தையும் வாங்கிக்கொள்ள அதற்குக் கொஞ்ச தூரம் தேவை. அதற்கப்பால் உழவுச் சால் போல நீண்ட கோடுகள் தொடங்கும். காற்றின் திசையை ஏறக்குறைய அப்படியே காட்டும் இவைதான் மேகத் தெருக்கள். இன்னும் போகப் போகக் கோடுகள் தடித்து, உடைந்து, தேனடை போன்ற அறைகளாகும். நடுவில் வெறுமையும் ஓரத்தில் மேகமும் இருந்தால் திறந்த அறை. நடுவில் மேகம் நிறைந்து ஓரம் மட்டும் வெறுமையாக இருந்தால் மூடிய அறை.

படி 3: கணக்கு (இங்கேதான் நான் பல வாரங்கள் தடுக்கி நின்றேன்)

கடலின் சூட்டில் காற்று கொப்பளித்து எழுமா என்பதை அறிய, கடலின் வெப்பநிலையிலிருந்து மேலேயுள்ள காற்றின் வெப்பநிலையைக் கழித்தால் போதும் என்று நினைத்தேன். எந்த நாளை எடுத்தாலும் கடல்தான் சூடு என்றே விடை வந்தது. மேகமே இல்லாத நாளிலும் அதே கதை.

காரணம் எளியது. உயரே போகப் போக அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து, தானாகவே குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியை நீக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். அதாவது, மேலேயுள்ள காற்றை இறக்கிக் கடல்மட்டத்துக்குக் கொண்டுவந்தால் அதன் வெப்பநிலை என்னவாகும் என்று பார்க்க வேண்டும்.

எர்த் நல்ஸ்கூல் தளத்தில் 850 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டத்தை (சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம்) தேர்ந்தெடுத்து, கடலில் ஒரு புள்ளியைச் சொடுக்கி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே புள்ளியில் கடல்பரப்பின் வெப்பநிலையையும் எடுங்கள். இரண்டோடும் 273 கூட்டுங்கள் (செல்சியஸ் கெல்வினாக மாறும்). காற்றின் எண்ணை மட்டும் 1.048 ஆல் பெருக்குங்கள்; அதைக் கடல்மட்டத்துக்கு இறக்கும் கணக்கு இதுதான். பிறகு கழியுங்கள்.

கடல் 10 டிகிரி, மேலே மைனஸ் 8 என்றால்: 283 − (265 × 1.048) = சுமார் 5. நேர்மறை. கடல் அடியிலிருந்து சூடேற்ற, காற்று கொப்பளித்து எழும். கடல் அதே 10 டிகிரி, மேலே 2 டிகிரி என்றால்: 283 − (275 × 1.048) = சுமார் மைனஸ் 5. காற்று அடங்கிக் கிடக்கும். வெறுமனே கழித்திருந்தால் முதல் நாளுக்கு 18, இரண்டாம் நாளுக்கு 8, இரண்டுமே நேர்மறை! என் தவறு அங்கேதான் ஒளிந்திருந்தது.

படி 4: மூடியைத் தேடுங்கள்

முகப்புக்குப் பின்னால் உயரேயுள்ள காற்று மெல்ல இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகி, கீழேயுள்ள குளிர்காற்றின் மேல் இட்லிக் குண்டான் மூடி போல உட்காருகிறது. கடலின் சூடு வலுத்து மூடி தளர்ந்திருந்தால் மேகங்கள் உயரமாக வளர்ந்து, சிதறி, திறந்த அறைகளாகும். முகப்பை விட்டு விலகி உயர் அழுத்தத்தை நெருங்கும்போது மூடி இறுகும். மேகம் தட்டையாகப் பரவி வானத்தை அடைக்கும். ஒரே முகப்பின் பின்னால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

பிற்சேர்க்கை: இருவர் கேட்டதால் சேர்க்கிறேன். ஒருவர் கடல்பரப்பின் வெப்பநிலைக்குப் பதிலாகக் கடல்மேல் காற்றின் வெப்பநிலையை எடுத்திருந்தார். குளிர்காற்று வீசும் நாளில் இரண்டுக்கும் பல டிகிரி வித்தியாசம் வரும். இன்னொருவர் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே தேடிக் குழம்பிவிட்டார். அங்கே குளிர்காற்று தென்மேற்கிலிருந்து வரும், தாழ்வழுத்தமும் கடிகார முள்ளின் திசையில் சுழலும். ஆனாலும் முகப்பின் பின்பக்கம் பெரும்பாலும் மேற்குதான். ஜனவரியில் அல்ல, ஜூலையில் தேடுங்கள். அங்கே அதுதான் நடுக்குளிர்காலம்.

பழகிய பின் வங்கக் கடலுக்கு வாருங்கள். முகப்பு இல்லாவிட்டாலும், ஜனவரியில் உலர்காற்று நிலத்திலிருந்து கடலுக்கு இறங்கும் சில நாட்களில் ஒடிசாக் கரைக்கு அப்பால் அதே நீலப்பட்டையும் மெல்லிய தெருக்களும் தெரியும். வேர்ல்டுவியூவின் அளவுகோலால் பட்டையின் அகலத்தை அளந்து, அடுத்த நாள் மீண்டும் அளந்து பாருங்கள்.