தெற்கு ஒன்ராறியோவின் தோட்ட ஓரங்களில் அலங்காரப் புல் வளர்த்தல்

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் செப்டெம்பர் முடியும்போது பூப்பாத்திகள் களையிழக்கத் தொடங்குகின்றன. அலங்காரப் புற்கள் எடுப்பாகத் தெரிவது அப்போதுதான். ஆகவே வேலியோரத்துக்குப் புல் வாங்குபவர், மே மாதத்தில் கடையில் எது பசுமையாக நிற்கிறது என்று பாராமல், அது ஒக்டோபரில் என்ன நிறம் பெறும், உறைபனிக்குப் பிறகும் நிமிர்ந்து நிற்குமா என்பவற்றையே விசாரிக்க வேண்டும்.

அதற்கும் முன்னதாக, அந்தப் புல் ஒரே இடத்தில் தூர் கட்டி வளர்வதா, நிலத்தடித் தண்டுகளால் பரவுவதா என்று அறிந்துகொள்வது அவசியம். வெள்ளை வரியோடிய ரிபன் கிராஸ் அழகானதுதான். ஆனால் சிறிய பாத்தியில் அதை நட்டால் பக்கத்திலுள்ள செடிகளுக்கு இடம் மிஞ்சாது. மிஸ்காந்தஸ் தூர் கட்டுவதாயினும், வட அமெரிக்காவின் சில பகுதிகளில் விதையால் காடுமேடெல்லாம் பரவிவிட்டதால், இம்மண்ணுக்கே உரிய புற்களை நான் விரும்புகிறேன். ஸ்விட்ச் கிராஸின் 'ஷெனன்டோவா' வகை ஏறத்தாழ நான்கடி உயர்ந்து, கோடையிலேயே நுனி சிவக்கத் தொடங்கி, இலையுதிர்காலத்தில் கருஞ்சிவப்பாகிவிடும். லிட்டில் புளூஸ்டெம் இரண்டு, மூன்றடி உயரத்தில் செம்பு நிறமாக மாறி, குளிர்காலத்திலும் அந்நிறத்தைப் பெரிதும் இழக்காது. பாத்தியின் முன்வரிசைக்கு ப்ரெய்ரி டிராப்சீட் பொருந்தும். அது நிதானமாகவே வளரும். அயலிலிருந்து வந்தவற்றில், ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் ஒருவரின் பெயரைத் தாங்கிய 'கார்ல் ஃபோர்ஸ்டர்' விதை முளைக்காத வகையாதலால் அதனைத் தயக்கமின்றி நடலாம்.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமே ஏற்றது. மாலை வெயில் பின்னாலிருந்து கதிர்களின் ஊடே வருமாறு நட்டால் அழகு இரட்டிப்பாகும். மேற்கூறிய உள்நாட்டு வகைகள் மூன்றும் மண் சூடேறிய பின்னரே வளர்வதால், முதற் குளிர்காலத்துக்குள் வேரூன்றிக்கொள்ள மே, ஜூன் மாதங்களில் நடுவது நல்லது. தூரின் அடி மண்மட்டத்துக்குக் கீழே புதையக் கூடாது. முழுதாக வளர்ந்த தூரின் அகலம் எவ்வளவோ, அவ்வளவு இடைவெளி விடவும். முதற் கோடையில் மழையில்லாத வாரங்களில் ஆழமாக நீர் பாய்ச்ச வேண்டும், பசளையோ வேண்டியதில்லை. வளம் மிகுந்த மண்ணில் தாள்கள் நெடுத்து, இலையுதிர்கால மழையில் சாய்ந்துவிடும். அதன் பிறகு முட்டுக் கொடுத்து நிமிர்த்துவது வீண் வேலை.

நவம்பரில் தோட்டத்தைத் துப்புரவாக்குவோர் புல்லையும் சேர்த்து வெட்டிவிடுவதுண்டு. அது வேண்டாம். உலர்ந்த தாள்கள் தூரைக் குளிரிலிருந்து காக்கின்றன. விதைகளைச் சிறு பறவைகள் தேடி வருகின்றன. பனி படிந்த கதிர்களைப் போல் ஜனவரி மாதத்துப் பாத்திக்கு வேறு அணி இல்லை. மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ, புதுத் தளிர் எழுமுன், தூரைக் கயிற்றால் இறுகக் கட்டி, நிலத்திலிருந்து 10 முதல் 15 செ.மீ. விட்டு வெட்டினால் தாள்கள் சிதறாமல் ஒரே கட்டாக வரும். இலைகளின் விளிம்பு தோலைக் கிழிக்கும் என்பதால் கையுறை தேவை. ஸ்விட்ச் கிராஸ் மே பாதி வரை உயிரற்றதுபோல் கிடக்கக்கூடும். அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம்.

சில ஆண்டுகளில் தூரின் நடுப்பகுதி பட்டுப்போய், ஓரம் மட்டும் துளிர்த்து நிற்கும். அப்போது வசந்தத்தில் முழுத்தூரையும் தோண்டி எடுத்து, கூரிய மண்வெட்டியால் பிளந்து, வெளிப்புறத் துண்டுகளை மட்டும் மீண்டும் நட்டு, நடுப்பகுதியைக் கழித்துவிட வேண்டும்.