எக்ஸ்டெண்ட் செய்யும் முன் ஜாவாவின் ஸ்டாக்கைப் பாருங்கள்

வேறொரு கிளாஸில் இருக்கும் வசதி வேண்டும் என்பதற்காக மட்டும் அதை எக்ஸ்டெண்ட் செய்யாதீர்கள், அதாவது அதன் பப்ளிக் மெத்தட்கள் எல்லாம் உங்கள் கிளாஸுக்கும் வரும்படி அதன் வாரிசாக்காதீர்கள். அதை ஒரு பிரைவேட் ஃபீல்டாக உள்ளே வைத்து, தேவையான மெத்தட்களை மட்டும் வெளியே காட்டுங்கள்.

ஜாவாவின் முதல் பதிப்பிலிருந்தே ஸ்டாக் கிளாஸ், வெக்டர் என்ற பட்டியல் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்கிறது. கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பதே ஸ்டாக்கின் விதி, ஆனால் வெக்டரிடமிருந்து வந்த மெத்தட்களை வைத்து யார் வேண்டுமானாலும் நடுவில் எதையும் செருகலாம், உருவலாம், கம்பைலர் ஒன்றும் கேட்காது. இப்போது மாற்றினால் பழைய கோட் உடையும், அதனால் அப்படியே இருக்கிறது; ஜாவாவின் ஆவணமே அதற்குப் பதில் டெக் (Deque, இரு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் முடியும் வரிசை) இன்டர்ஃபேஸைப் பயன்படுத்தச் சொல்கிறது.

பெரிய டைப்புக்கும் இதேதான், சின்ன டைப்களை உள்ளே வைத்துக் கட்டுங்கள். ஆர்டர் என்றால் அதற்குள் முகவரி ஒரு டைப், தொகை ஒரு டைப்; தொகைக்குள் எண்ணும் நாணயமும் சேர்ந்தே இருக்கட்டும், ரூபாயோடு டாலரைக் கூட்டப் பார்த்தால் அங்கேயே எரர் கொடுக்கலாம், ஆர்டர் கோடில் எங்கும் சோதிக்க வேண்டாம்.

உள்ளே வைத்ததன் மெத்தட்களை வெளியே காட்ட ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதுவது சலிப்புதான், சரி. கோ (Go) மொழியில் எம்பெட்டிங், அதாவது ஃபீல்டுக்குப் பெயர் வைக்காமல் ஒரு டைப்பை உள்ளே வைப்பது, அதைக் குறைக்கும், ஆனால் உள்ளிருக்கும் பப்ளிக் மெத்தட்கள் எல்லாமே வெளியே வந்துவிடும், அப்புறம் ஸ்டாக்கின் கதைதான். மறைக்க வேண்டியது இருந்தால் சாதாரண ஃபீல்டே போதும்.