உடல்நலம் பற்றி ஆன்லைனில் ஒரு பேப்பர் எடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயமில் கிரெடிட்டுக்காக ஒரு பேப்பர் தேடும் கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் கடைசியில் வந்து சேர்வது சத்துணவு, யோகா, மனநலம், நல்வாழ்வு என்று இந்தப் பக்கம்தான். கணக்கு இல்லை, கோடிங் இல்லை, சாப்பாடும் தூக்கமும் நடைப்பயிற்சியும் நமக்குத் தெரியாததா என்ற எண்ணம். நானும் அதே எண்ணத்தோடுதான் வேலைக்குப் போய்க்கொண்டே சேர்ந்தேன். முதல் தடவை பாதியில் விட்டேன். அடுத்த வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் வகுப்பில் மறுபடி சேர்ந்து முடித்தேன். நான் செய்த தவறுகள், கூடப் படித்தவர்கள் செய்த தவறுகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒன்றுதான்: நம் உடம்பைப் பற்றி நமக்கு ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பு.

பி.எம்.ஐ-யையே (உடல் எடைக் குறியீடு) எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான், கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 160 செ.மீ உயரமும் 62 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு 24.2 வரும். உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோல்படி 25-க்குக் கீழே இருப்பதால் இது சரியான எடை. ஆனால் 2009-இல் இந்தியர்களுக்கென்று மருத்துவ நிபுணர்கள் வகுத்த அளவுகோலில் 23-லேயே அதிக எடை தொடங்கிவிடுகிறது, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். அதே பி.எம்.ஐ உள்ள ஒரு ஐரோப்பியரைவிட நம் உடம்பில் கொழுப்பு கூடுதல், அதுவும் வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது, அதனால் சர்க்கரை நோய் குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது. இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துப் பார்ப்பது அதற்காகத்தான்: ஆண்களுக்கு 90 செ.மீ-க்குள், பெண்களுக்கு 80 செ.மீ-க்குள் இருக்க வேண்டும். வீடியோவைப் பார்க்காமல் 'தெரிந்ததுதானே' என்று தேர்வில் பதில் போடுகிறவர்கள் சறுக்குவது இந்த மாதிரி இடங்களில்தான். மதிப்பெண் போவதுகூடப் பரவாயில்லை, தன் எடை சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டே இருந்துவிடுகிறார்கள்.

அடுத்து, சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. ஸ்வயமில் சேர்வதற்குப் பணம் கிடையாது, ஆனால் சான்றிதழ் வேண்டுமென்றால் தனியாகத் தேர்வுக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். நான் முதல் தடவை கோட்டை விட்டது இங்கேதான். வாராவாரம் அசைன்மென்ட் போட்டுக்கொண்டிருந்தேன், தேர்வுப் பதிவுக்கான மின்னஞ்சலைத் திறந்தே பார்க்கவில்லை, கடைசித் தேதி போய்விட்டது. ஐ.ஐ.டி போன்ற நிறுவனங்கள் நடத்தும் என்.பி.டெல் பாடமாக இருந்தால் அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 10-ம் தேர்வில் 30-ம் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டுகளின் சராசரியைத்தான் எடுப்பார்கள் என்பதால் ஒன்றிரண்டு தவறினால் பயப்பட வேண்டாம். கெடு முடியும்வரை பதிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசியாக அனுப்பியதுதான் கணக்கு. அதனால் முதல் நாளே தெரிந்ததைப் போட்டு வைத்துவிடுங்கள். ஸ்வயமிலேயே மற்ற நிறுவனங்களின் பாடங்களுக்கு மதிப்பெண் பிரிப்பு வேறு, அந்தந்தப் பாடத்தின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

கிரெடிட்டுக்காக எடுப்பவர்கள் கல்லூரியில் முதலில் கேட்டுவிடுங்கள். 2021-இல் வந்த யு.ஜி.சி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒரு செமஸ்டரில் உள்ள பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படிக்கலாம், ஆனால் எந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்வது என்பதை உங்கள் கல்லூரிதான் முடிவு செய்யும். படித்து முடித்துவிட்டு அலுவலகத்தில் போய் நின்றால் அவர்கள் கையை விரித்துவிடுவார்கள்.

சரி, இனி நான் அதிகம் சொல்ல நினைப்பது. உணவுக் குறிப்பு.

இந்த மாதிரி வகுப்புகளில் ஏழு நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். நான் அதை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து ஏழு நாளுக்கும் ஒரே மூச்சில் எழுதினேன். காலையில் இட்லி மூன்று, சாம்பார். மதியம் சாதம், கூட்டு, ரசம். இரவு சப்பாத்தி இரண்டு. எழுதி முடித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது, நன்றாகத்தான் சாப்பிடுகிறோம் என்று. வகுப்பு எடுத்த ஆசிரியை ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினார்: "இந்த வாரம் உங்கள் வீட்டில் எண்ணெயே வாங்கவில்லையாம்மா?"

அந்த வரி சுருக்கென்று தைத்தது. மறுவாரம் சாப்பிடச் சாப்பிட அப்போதே போனில் குறித்தேன். பதினோரு மணி டீயோடு வடை, குழந்தை தட்டில் மிச்சம் வைத்த தோசை, தேங்காய்ச் சட்னி இரண்டாம் கரண்டி, வீட்டுக்கு வந்ததும் ஒரு பிடி மிக்சர். நான் பொய் எழுதவில்லை. ஞாபகம் தன்பாட்டுக்கு இதையெல்லாம் கழித்துவிடுகிறது, அவ்வளவுதான். டீ மட்டும் நாளைக்கு நான்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு 4 கிராம் வைத்தாலும் 32 கிராம். 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயிலேயே அந்த 25-ஐத் தாண்டியிருந்தேன், பிஸ்கட்டையும் இனிப்பையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

எண்ணெயைத் தட்டில் அளக்க முடியாது, அதனால் மளிகை ரசீதில் அளந்தேன். நாங்கள் மூன்று பேர், மாதம் நான்கு லிட்டர். லிட்டர் சுமார் 910 கிராம் என்று வைத்து மூன்று பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளைக்கு 40 கிராம் வருகிறது. வேலையைப் பொறுத்து 20-லிருந்து 30 கிராமுக்குள் போதும் என்று படித்திருந்தேன். உப்பையும் இப்படிப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்றால் மூன்று பேருக்கு மாதம் 450 கிராம்தான் ஆகிறது, எங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் மாதக் கடைசியில் காலி. வடிகஞ்சியிலும் ஊறுகாய் ஜாடியிலும் கொஞ்சம் போய்விடும், அதைக் கழித்தாலும் அதிகம்தான். இந்தக் கணக்கை எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் அந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். ஏ.ஐ-யிடம் சொல்லி உணவுக் குறிப்பு எழுதி வாங்குகிறவர்கள் இழப்பதும் இதைத்தான்.

கலோரியைத் தேடும்போது அமெரிக்க ஆப்களில் 'இட்லி ஒன்று' என்று வருவதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், அவர்களின் இட்லி எத்தனை கிராம் என்று யாருக்குத் தெரியும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருட்கள் இருக்கின்றன. நம் ஊர் அரிசி, பருப்பு, கீரை எல்லாம் உண்டு. அதே நிறுவனம் 2024-இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதலைத் திருத்தி வெளியிட்டது, 17 வழிகாட்டுதல்கள். (அந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் ஒரு சின்ன ஆய்வகமாகத் தொடங்கியது, பிறகுதான் ஹைதராபாத் போனது.)

பழக்கத்தை மாற்றும் ப்ராஜெக்ட் ஒன்றும் தருவார்கள். இதில் எல்லோரும் செய்வது, தினமும் ஒரு மணி நேரம் ஓடுவேன், சர்க்கரையைத் தொடமாட்டேன், பத்து மணிக்குப் படுப்பேன் என்று மூன்றையும் ஒரே நாளில் ஆரம்பிப்பது. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தாலே பெரியவர்களுக்கான குறைந்தபட்ச அளவு வந்துவிடும், அதாவது ஐந்து நாள், நாளைக்கு அரை மணி. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று எழுதிவிடாதீர்கள். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2010-இல் வெளியானது, அதில் சராசரியாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18 நாள், கணக்குப்படி சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று வந்தது. எட்டு வார ப்ராஜெக்டில் தோற்றுப்போனால் தோற்றதை அப்படியே எழுதுங்கள். என்கூடப் படித்த ஒருவர் நைட் ஷிஃப்ட் மாறியதும் நடை நின்றுபோனதையும், பிறகு பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்பே இறங்கி நடக்க ஆரம்பித்ததையும் தேதி வாரியாக எழுதியிருந்தார். எங்கள் வகுப்பில் அதற்குத்தான் அதிக மதிப்பெண்.

அப்புறம், நான் இன்னமும் நினைத்து வருத்தப்படும் ஒன்று. நாலு வாரப் பாடம் முடிந்த சூட்டில் வீட்டில் எல்லோருக்கும் ஆலோசனை சொல்ல ஆரம்பித்தேன். அத்தைக்கு ரத்த அழுத்தம், மாத்திரை எடுக்கிறார். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் கிடைப்பதை வாங்கிக் கொடுத்து, "இனிமே இதையே போடுங்க அத்தை" என்றேன். அவரும் நம்பிப் போட்டார். வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்து அதற்குப் பதில் பொட்டாசியத்தைத்தான் சேர்க்கிறார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது வெளியேறாமல் தங்கும், சில பி.பி மாத்திரைகளும் அதைத் தேக்கி வைக்கும். அத்தைக்கு இரண்டும் இருந்தது. டாக்டர் நேரத்தில் பார்த்து நிறுத்திவிட்டார். "நீ நல்லதுக்குத்தானே சொன்ன, விடு" என்றார் அத்தை. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த உப்பைப் பற்றி வெளியிட்ட பரிந்துரையிலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்று தெளிவாக இருக்கிறது. பாடத்தில் சொல்வதெல்லாம் நோயில்லாத பெரியவர்களுக்கான பொதுக் கணக்கு. மாத்திரை சாப்பிடுகிறவர், கர்ப்பிணி, குழந்தை யாராக இருந்தாலும் வாயைத் திறக்கும் முன் அவர்களின் டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள்.

இதே காரணத்தால்தான் ஒரு பேப்பர் சான்றிதழை வைத்து டயட் ஆலோசனை என்று இன்ஸ்டாகிராமில் பணம் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. டயட்டீஷியன் ஆக வேண்டும் என்ற ஆசை நிஜமாகவே இருந்தால் நேரடி வகுப்பில் பட்டம் படியுங்கள். உளவியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து உள்ளிட்ட பட்டங்களை 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைதூர, ஆன்லைன் வழியில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் யாராவது 'ஆன்லைனில் நியூட்ரிஷன் டிகிரி' என்று போன் செய்தால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

கலந்துரையாடல் பகுதியில் சொந்த ரிப்போர்ட்டைப் போடும் பழக்கமும் வேண்டாம். தைராய்டு அளவு, மாதவிடாய்ப் பிரச்சினை, மாத்திரைப் பெயர் என்று ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கும் இடத்தில் சொந்தப் பெயரோடு எழுதுகிறார்கள். 'என் வயதில் ஒருவருக்கு' என்று பொதுவாகக் கேட்டாலும் அதே பதில்தான் கிடைக்கும்.

மனநலம் பற்றிய வாரம் வரும்போது மட்டும் ஒரே இரவில் எல்லா வீடியோவையும் ஓட்டிவிடாதீர்கள். அதில் வரும் கேள்வித்தாள்களை மதிப்பெண்ணுக்காக நிரப்பும்போது, கடந்த இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று நமக்கே தெரியவரலாம். என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது, அன்றைக்கு ராத்திரி அவள் யாரிடமாவது பேச வேண்டியிருந்தது. மத்திய அரசின் மனநல உதவி அழைப்புச் சேவையான டெலி மானஸின் எண் 14416, கட்டணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.