தேன்: சத்துக் கணக்கிலும் பயன்பாட்டிலும் நேரும் தவறுகள்

தேனின் பெருமையைப் பேசுவோர் அதிலுள்ள வைட்டமின்களையும் தாது உப்புகளையும் நீளமாகப் பட்டியலிடுவார்கள். அவை எவ்வளவு இருக்கின்றன என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை. 100 கிராம் தேனில் ஏறத்தாழ 82 கிராம் சர்க்கரையும் 17 கிராம் நீரும் உள்ளன. புரதம், அமிலங்கள், நொதிகள், தாதுக்கள், மணப்பொருள்கள் எல்லாம் எஞ்சிய ஒரு கிராமுக்குள் அடங்கியாக வேண்டும். இரும்புச்சத்து அதில் சுமார் 0.4 மில்லிகிராம்தான். வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கும்போது, இரத்தசோகைக்குத் தேனை நம்பியிருப்பது சிகிச்சையைத் தள்ளிப்போடுவதாகவே முடியும். தேன் நெல்லியில் கிடைக்கும் வைட்டமின் சியும் நெல்லிக்காயின் உபயமே.

சர்க்கரையை விட்டுவிட்டுத் தேனுக்கு மாறியவர்கள் அளவைக் கவனிக்காமல் ஊற்றுவது அடுத்த தவறு. ஒரு மேசைக்கரண்டித் தேன் 21 கிராம் எடையுள்ளது. அதில் 17 கிராம் சர்க்கரையும் 64 கலோரியும் இருக்கின்றன. தேன் அடர்த்தி மிக்கதாகையால், கரண்டிக்குக் கரண்டி ஒப்பிட்டால் வெள்ளைச் சர்க்கரையைவிடத் தேனிலேயே கலோரி அதிகம். தேனின் இனிப்பையும் தவிர்க்கத்தக்க சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்கும் உலக சுகாதார நிறுவனம், அத்தகைய சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. எடை குறைவதற்காகக் காலையில் எலுமிச்சை நீரில் இரண்டு மேசைக்கரண்டி கலப்பவர் அந்த வரம்பை அப்போதே தாண்டிவிடுகிறார். கொழுப்பைக் கரைக்கும் ஆற்றல் தேனுக்குக் கிடையாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது இரத்தச் சர்க்கரையை ஏற்றும் பொருளே. "இயற்கையானது" என்ற சொல் அவர்களுக்குப் பாதுகாப்பு ஆகாது.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு கைக்குழந்தைக்குத் தேன் கொடுப்பது. பிறந்த குழந்தையின் நாவில் சேனை தொட்டு வைப்பதும், வசம்பை உரைத்துத் தேனில் குழைத்துப் புகட்டுவதும் நம் வீடுகளில் அன்பின் பெயரால் நடப்பவை; மறுத்துப் பேசும் இளம் தாய்க்கு வீட்டில் ஆதரவும் குறைவு. ஆனால் தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. குடலின் நுண்ணுயிர்ச் சூழல் முதிராத குழந்தையிடம் அவை முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சைச் சுரக்கலாம். மலச்சிக்கல், பால் உறிஞ்சுவதில் சோர்வு, மெலிந்த அழுகுரல், தொங்கும் இமைகள், உடல் துவளுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இந்நோய் அரிது, வந்துவிட்டால் மூச்சையே நிறுத்தக்கூடியது. கொதிக்கவைத்தாலும் அந்த வித்துகள் அழிவதில்லை, தேன் சுத்தமானதா என்பதும் இங்கே பொருட்டில்லை. ஆகவே ஒரு வயது நிறையும்வரை ஒரு துளியும் கூடாது.

ஒரு வயதைக் கடந்த குழந்தைகளின் இருமலுக்குப் படுக்குமுன் கொடுக்கும் சிறிதளவு தேன் ஓரளவு ஆறுதல் தருகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. பல நாள் நீடிக்கும் இருமலுக்கோ மூச்சுத்திணறலுக்கோ அது மருந்தாகாது. அதுபோலவே, தேனின் அமிலத்தன்மையும் அதில் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமிகளைத் தடுப்பது உண்மைதான் என்றாலும், மருத்துவமனையில் புண்ணுக்குப் பயன்படும் தேன் காமா கதிரால் தூய்மையாக்கப்பட்டது. சமையலறைப் புட்டியிலுள்ளதை ஆழமான காயத்தில் தடவக்கூடாது.

நீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது, எறும்பு மொய்க்கிறதா என்று காத்திருப்பது ஆகிய எவையும் கலப்படத்தைக் காட்டித்தரா. அரிசிப் பாகு போன்றவற்றை அவ்வளவு நேர்த்தியாகக் கலக்கிறார்கள்: தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020இல் 13 நிறுவனங்களின் தேனை ஆராய்ந்தபோது, மூலக்கூறு அளவில் கலப்படத்தைக் கண்டறியும் அணுக்காந்த ஒத்ததிர்வுச் (NMR) சோதனையில் 10 தேறவில்லை. அடியில் உறைந்துவிட்ட தேனைச் சர்க்கரைப் பாகு என்று கொட்டிவிடுவதும் அறியாமையே. குளுக்கோஸ் மிகுந்த நல்ல தேனும் உறையும், குளிர்பெட்டியில் வைத்தால் அது விரைவுபடும். புட்டியை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும். நேராக அடுப்பிலேற்றினால் நொதிகளும் மணமும் கெடும். ஈரக் கரண்டியையும் உள்ளே விடக்கூடாது, ஏனெனில் நீரளவு 20 சதவீதத்தைத் தாண்டினால் ஈஸ்ட் பெருகித் தேன் நுரைத்துப் புளிக்கத் தொடங்கிவிடும்.